செவலையின் நோட்டு

என் மேஜை இழுப்பறையில் ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் கோடு போட்ட நீள நோட்டுகள்தான். ஐந்தும் எங்கள் வீட்டு நாய் செவலையைப் பழக்கிய கணக்கு. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இன்று மோசம். சொன்ன பேச்சே கேட்கவில்லை. ஒரே அடம்." மறுநாள்: "பரவாயில்லை." அதற்கடுத்த நாள்: "காலையில் நன்றாக இருந்தான். சாயங்காலம் மறுபடியும் அடம்." இப்படியே பதினோரு பக்கம் போகிறது.

அந்தப் பதினோரு பக்கங்களை எத்தனை முறை புரட்டினாலும் அந்த நாட்களில் செவலை என்ன செய்தான் என்று இன்று எனக்குத் தெரியவில்லை. நான் எந்த மனநிலையில் இருந்தேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஆபீஸில் தலைவலி பிடித்த நாளெல்லாம் நோட்டில் செவலைக்கு அடம். நாயைப் பழக்குகிறவர்கள் குறிப்பு எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டு ஆர்வமாக ஆரம்பித்தேன். எதை எழுத வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செவலை 2021 ஐப்பசி மழையில் எங்கள் வாசலுக்கு வந்தவன். மதுரையில் எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய். செம்மண் நிறம், அதனால் அந்தப் பெயர். அப்போது ஏழு எட்டு மாதம் இருக்கும். வீட்டுக்குள் சமர்த்து. ஆனால் காலையில் பால்காரர் அண்ணன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், கேட்டின் மேல் ஏறி நின்று தெருவே எழும்பும்படி குரைப்பான். ஒருமுறை கேட்டுக்கு வெளியே பாய்ந்துவிட்டான். அண்ணன் வண்டியோடு சாய்ந்து, பால் தெருவில் ஓடியது. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தைதான், "நாய் வாலை நிமிர்த்த முடியுமா? கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுங்கள்" என்றார்.

விட்டுவிட எனக்கு மனசில்லை. பழக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா" என்றார். அந்த முதல் நோட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் உருப்படியான கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதியது அம்மா. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்குக்காக ஒவ்வொரு கட்டத்திலும் அரை, முக்கால், ஒன்று என்று எழுதுவாள். பால் கொட்டிய நாளுக்குப் பிறகு, அதே கட்டத்தின் மூலையில் இன்னொரு குறியும் போட ஆரம்பித்தாள். செவலை குரைத்தால் பெருக்கல் குறி. குரைக்காவிட்டால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். பால் வாங்கிய ஈரக்கையோடு, தொங்கும் பேனாவை எடுத்து, ஒரு நொடியில் முடிகிற வேலை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவலை பால்காரர் அண்ணனைப் பார்த்து பழைய மாதிரியே கத்தினான். ஊரிலிருந்து வந்திருந்த தம்பி தூக்கம் கலைந்து எழுந்து வந்து, "நாலு மாசமா நீ என்னதான் கத்துக்கொடுத்த? இவன் மாறவே மாட்டான்க்கா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மா ஒன்றும் பேசாமல் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். முதல் மாதத்தில் இரண்டு புள்ளி. இரண்டாவது மாதத்தில் ஐந்து. மூன்றாவதில் பதினாலு. அந்த மாதம் அதுவரை போன 20 நாளில் பதினேழு புள்ளி.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இதுதான். நம் ஞாபகம் கடைசியாக நடந்ததையும் மனசைத் தைத்ததையும் மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. செவலை குரைக்காத பதினேழு காலைகளில் ஒன்றுகூட யார் ஞாபகத்திலும் இல்லை. குரைக்காத காலையில் நடந்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லை அல்லவா? ஒன்றும் நடக்காததை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு புள்ளி வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு நோட்டை மாற்றினேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது. "அடம்", "பயம்", "வேண்டுமென்றே" போன்ற சொற்களுக்கு நோட்டில் இடமில்லை. எண்ண முடிந்தால் எண்ணுவது, அளக்க முடிந்தால் அளப்பது. இரண்டும் முடியாவிட்டால் காது எப்படி இருந்தது, வால் எங்கே இருந்தது, வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதுவது.

இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. "மாலை 5.40. மொட்டை மாடி. 'செவலை, வா.' 8 அடி தூரம். 5-க்கு 5. சராசரி 2 நொடி. 15 அடி. 5-க்கு 4. ஒருமுறை காக்கை வந்தது, தலையைத் திருப்பினான், வரவில்லை." இதைப் படித்தால் இன்றும் அந்த மாடி கண்ணுக்குத் தெரிகிறது. மறுநாள் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. 15 அடி, காக்கை இல்லாத நேரம்.

ஐந்து ஐந்தாகச் செய்வது நானாகக் கண்டுபிடித்ததில்லை. தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறவர்கள் பலரும் கைக்கொள்ளும் முறை. ஐந்து தடவையும் சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். மூன்றோ நான்கோ என்றால் அதே படியில் இன்னொரு சுற்று. இரண்டோ அதற்குக் கீழோ என்றால் ஒரு படி இறங்க வேண்டும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, முடிவை மனநிலையின் கையில் விடாததுதான். களைத்துப் போன நாளில் "போதும், சரியாகத்தான் செய்கிறான்" என்று மேலே தாவவும் முடியாது, ஆத்திரத்தில் "ஒன்றுமே தெரியவில்லை" என்று ஒதுக்கவும் முடியாது. ஐந்துக்கு எத்தனை என்பதே அடுத்து என்ன என்று சொல்லிவிடுகிறது.

படி என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தூரம், நேரம், சுற்றியுள்ள தொந்தரவு என்று மூன்று இருக்கின்றன. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். வீட்டுக்குள் ஐந்தடியில் பத்து நொடி உட்காருகிற நாய், தெருவில் இருபதடியில் பத்து நொடி உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு அது புதுப் பாடம். இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடாதவரை எனக்கு இது உறைக்கவில்லை. கட்டம் போட்ட பிறகு பார்த்தால், செவலை தோற்ற நாட்களில் பாதிக்கு மேல் நான் இரண்டை ஒரே நேரத்தில் கூட்டியிருக்கிறேன்.

எண்ணுவதற்கு எனக்குப் புளியங்கொட்டைதான் கருவி. ஒரு கையில் கயிறு, மறுகையில் பட்டாணி அளவு முட்டைத் துண்டு. பேனா எங்கே பிடிப்பது? வலது பையில் பத்து புளியங்கொட்டை போட்டுக்கொள்வேன். சரியாகச் செய்தால் ஒன்றை இடது பைக்கு மாற்றுவேன். வீட்டுக்கு வந்து கொட்டி எண்ணி எழுதுவேன். போன் செயலிகள் இரண்டு மூன்று போட்டுப் பார்த்தேன். திரையைத் தொட்டு, கட்டத்தைத் தேடி, எழுத்தை அடித்து முடிப்பதற்குள் செவலை வேறு ஏதோ செய்திருப்பான். அதைப் பார்க்காமல் விட்டிருப்பேன். போனின் உண்மையான உபயோகம் இரண்டு. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரு நிமிஷ வீடியோ. அப்புறம், நடந்து வரும்போது வீட்டு வாட்ஸப் குழுவில் குரல் பதிவு. இரண்டிலும் தேதியும் நேரமும் தானாகவே விழுந்துவிடும்.

நோட்டு எனக்குக் காட்டிக் கொடுத்தவற்றில் இரண்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, "வா" என்ற சொல். நான் கூப்பிட்டால் ஐந்துக்கு நான்கு தடவை வருகிறவன், அப்பா கூப்பிட்டால் ஒருதடவைதான் வந்தான். "உன் பேச்சைத்தான் கேட்பான், எனக்கெல்லாம் மரியாதை இல்லை" என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் வருத்தம். நோட்டில் 'யார் கூப்பிட்டது' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அது மட்டும் போதவில்லை. 'என்ன சொன்னார்கள்' என்று இன்னொன்றும் சேர்த்தேன். நான் "செவலை, வா" என்கிறேன். அப்பா "இந்தா இந்தா, இங்க வாடா" என்கிறார். அக்கா மகன் "கம்" என்கிறான். அம்மா நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுக்கிறாள். ஒரு காரியத்துக்கு நாலு பெயர். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான். எல்லோரும் ஒன்றுபோலச் சொல்ல வேண்டிய ஆறு சொற்களை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டினோம். அப்பா "செவலை, வா" என்று சொல்லப் பழகினார். மூன்றாவது வாரம் அவர் கணக்கு ஐந்துக்கு ஐந்து. அன்று மாடியிலிருந்து அப்பா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது, செவ்வாயும் வெள்ளியும். சாயங்காலப் பயிற்சியில் சில நாட்கள் செவலை நிலைகொள்ளாமல் தவிப்பான். மூக்கைத் தரையில் தேய்ப்பான், தும்முவான், முட்டையை வாங்கிக் கீழே போட்டுவிடுவான். காரணம் தெரியாமல், அவனுக்கும் ஒரு நாள் கெட்ட நாளாக இருக்கக் கூடாதா என்று விட்டிருந்தேன். இரண்டு மாதக் கணக்கை ஒரு கிராப் தாளில் புள்ளிகளாக வைத்தபோது, பள்ளங்கள் மூன்று நாள், நான்கு நாள் என்று மாறி மாறி ஒரே ஒழுங்கில் விழுந்தன. கிழமையைப் பார்த்தேன். எல்லாம் செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு நாளும் விளக்கேற்றும் நேரத்தில் அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். நமக்கு அது மணம். அவன் மூக்குக்கு அது என்னவாக இருக்குமோ! அந்த இரண்டு நாளும் பயிற்சியைக் காலைக்கு மாற்றினேன். பள்ளம் மறைந்தது. நோட்டு மட்டும் இல்லையென்றால் இன்றுவரை அவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கிராப் தாளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் செவலை பக்கத்தில் நின்று குரைத்துக் கேட்பான். யாராவது ஒருவர் இலையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். இனி யாரும் போடுவதில்லை, அவன் தட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு என்று ஒருநாள் ஒன்றாகத் தீர்மானித்தோம். இரவுச் சாப்பாட்டின்போது எத்தனை முறை குரைக்கிறான் என்று எண்ணினேன். முதல் நாள் 14. அடுத்த நாள் 17. மூன்றாம் நாள் 26. நான்காம் நாள் 31. அப்பாவால் தாங்க முடியவில்லை. "பிள்ளை ஏங்குது, ஒரு வாய் போட்டால் என்ன" என்று கை நீட்டிவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பலன் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு செயலுக்குத் திடீரென்று பலன் நின்றால், அந்தச் செயல் குறைவதற்கு முன் பல சமயம் ஒருமுறை ஏறும். பூட்டிய கதவை நாம் முதலில் இன்னும் வேகமாகத் தட்டுகிறோமே, அது போல. இதைப் படித்து வைத்திருந்ததால்தான் அன்று கையைப் பிடித்தேன். நான்காம் நாள் அந்த ஒரு வாய் விழுந்திருந்தால், 31 தடவை குரைத்தால் கிடைக்கும் என்று அவனுக்கு நாங்களே கற்றுக்கொடுத்திருப்போம். ஐந்தாம் நாள் 12, அடுத்து 9, அடுத்து 4. பத்தாம் நாள் பூஜ்யம். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் திடீரென்று 6 என்று தலைகாட்டியது. அதுவும் நடக்கக்கூடியதுதான். அடங்கிய பழக்கம் இடைவெளிக்குப் பிறகு சற்றே எழுந்து பார்ப்பதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் நாய்களிடம் கண்டு எழுதியிருக்கிறார். மறுநாள் மறுபடியும் பூஜ்யம். தாளில் அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்குவதை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சுரைக்காய்ப் பேச்சு வீட்டில் எழவில்லை.

பாவ்லோவ் என்றதும், மணியோசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறிய சோதனைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அவர் எண்ணிய துளிகள்தான் பெரிதாகப் படுகின்றன. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நாயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து குழாய் வைத்து, விழுகிற ஒவ்வொரு துளியையும் கணக்கெடுத்தார்கள். நாய்களை இன்று அப்படி அறுத்துச் சோதிப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் "நாய்க்கு ஆசை வந்தது" என்று எழுதாமல் "இத்தனை துளி" என்று எழுதிய பழக்கம் அங்கிருந்து நமக்கு வந்த சொத்து. அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்ததுகூடச் செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான்.

அவருக்குப் பின்னால் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஒரு கருவி செய்தார். காகிதச் சுருள் சீராக நகர்ந்துகொண்டே இருக்கும். பிராணி ஒவ்வொரு முறை செயலைச் செய்யும்போதும் பேனா ஒரு படி ஏறும். வேகமாகச் செய்தால் கோடு செங்குத்தாக ஏறும், நிறுத்திவிட்டால் படுத்துவிடும். அவருடைய மாணவர் ஆக்டன் லிண்ட்ஸ்லி அதையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளே தங்கள் முன்னேற்றத்தை நாள்தோறும் புள்ளி வைத்துப் பார்க்க, ஒரே அளவில் அச்சிட்ட வரைபடத் தாளை உருவாக்கினார். கோடு ஏறவில்லை என்றால் கற்றுக்கொடுக்கும் முறையை மாற்று, பிள்ளையைக் குறை சொல்லாதே என்பது அந்த வழியில் வந்தவர்களின் நிலைப்பாடு. எனக்கு அது முழுக்க உடன்பாடு.

எழுதுகிறவரின் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எனக்கு ஒரு விளையாட்டில் வந்தது. செவலைக்கு மூக்கு வேலை கொடுக்கலாமே என்று கிராம்பு வாசனை பிடித்த துணித் துண்டை ஐந்து மண்சட்டிகளில் ஒன்றின் கீழ் ஒளித்துக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்தேன். மூன்று வாரத்தில் 10-க்கு 9. பெருமை தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒளித்து வைத்தான். எந்தச் சட்டி என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு 10-க்கு 3. ஐந்து சட்டியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்தில் இரண்டு சரியாக விழும். அப்படியென்றால் இத்தனை நாளாகச் செவலை முகர்ந்தது கிராம்பை இல்லை, என்னை. பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். சரியான சட்டிக்கு அருகில் அவன் வரும்போதெல்லாம் என் நடை மெதுவாகிறது, தோள் லேசாக அந்தப் பக்கம் சாய்கிறது. எனக்கே தெரியாமல்!

இது என் வீட்டு மாடியோடு நிற்கிற விஷயமும் இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லிசா லிட் என்பவரும் உடன் இருந்தவர்களும் 18 மோப்ப நாய்களையும் அவற்றின் பயிற்சியாளர்களையும் வைத்து ஒரு சோதனை செய்து 2011-இல் வெளியிட்டார்கள். தேடிய இடம் ஒரு தேவாலயம். அங்கே போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவுமே வைக்கப்படவில்லை. ஆனால் சில இடங்களில் வாசனை இருக்கிறது, அதற்கு அடையாளமாகச் சிவப்புத் தாள் இருக்கும் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. மொத்தம் 144 தேடல்கள். நாய் காட்டியதாகப் பயிற்சியாளர்கள் சொன்னது 225 முறை. ஒன்றுமே சொல்லாமல் முடிந்த தேடல்கள் 21 மட்டும். அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி என்றால் நான் எந்த மூலை?

அன்றிலிருந்து நோட்டில் 'தெரிந்து', 'தெரியாமல்' என்று இரண்டு கட்டம். யாரோ ஒருவர் ஒளித்து வைக்க, எனக்குத் தெரியாமல் நடந்த சுற்றுக்குத்தான் மதிப்பு. இரண்டு மாதத்தில் 'தெரியாமல்' கட்டத்தில் 10-க்கு 8 வந்தது. முன்பு வந்த 9-ஐவிட இந்த 8-தான் எனக்குப் பெரியது.

இந்த மாதிரிக் கணக்கு அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புளோரிடாவில் ஆல்டோ என்ற போலீஸ் நாய் ஒரு வண்டியைக் காட்டிக்கொடுத்தது. அது மோப்பம் பிடிக்கப் பழகிய போதைப்பொருள் எதுவும் அதில் இல்லை. போதைப்பொருள் தயாரிப்பதற்கான சாமான்கள்தான் இருந்தன. நாயை எப்படி நம்புவது என்று வழக்கு. களத்தில் அது எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்ற பதிவு வேண்டும் என்றது மாநில நீதிமன்றம். அப்படி ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசனை முன்பு இருந்து போயிருக்கலாம், களத்தில் சரி எது தவறு எது என்று உறுதியாகத் தெரியாது, எங்கே ஒளித்தோம் என்று தெரிந்து நடத்தும் பயிற்சியின் பதிவே மேலான சான்று என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. எனக்கு அந்தக் காரணம் புரிகிறது. ஆனாலும் யாருக்குத் தெரிந்து, யாருக்குத் தெரியாமல் நடந்த பயிற்சி என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தப் பதிவையும் என்னால் இனி படிக்க முடியாது.

சரி, வேட்டுச் சத்தத்துக்கு வருகிறேன். நாய் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலோருக்கு இதுதான் பெரிய கவலை.

2022 தீபாவளியன்று செவலை கட்டிலுக்கு அடியில் போனவன் ஐந்து மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த வாரமே தனியாக ஒரு நோட்டு போட்டேன். வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெல்லிய அளவில் வைத்து, அதோடு கோழி ஈரல் கொடுத்து, அவன் நிம்மதியாக இருந்தால் மட்டும் ஒரு படி கூட்டிப் பழக்குவது. பயத்தை எப்படி அளப்பது என்று முதலில் தெரியவில்லை. பிறகு ஈரலையே அளவுகோலாக வைத்தேன். வாங்கி மென்று தின்றால் அ. வாங்கி, தின்னாமல் நின்றால் ஆ. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இ. இ வந்தால் அன்றைக்குப் பயிற்சி அதோடு நிறுத்தம். மறுநாள் இரண்டு படி இறக்கம். கூடவே கொட்டாவி, உதட்டை நக்குவது, காது பின்னால் போவது, வால் கால்களுக்கு நடுவே போவது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன்.

வேட்டு தீபாவளிக்கு மட்டுமா வருகிறது? எங்கள் தெரு மயானத்துக்குப் போகும் வழி. இறுதி ஊர்வலம் மாதத்துக்கு இரண்டு மூன்று கடந்து போகும். அப்படி ஒரு நாள் பக்கத்தில் இருக்கிறது: "மாலை 4.12, நிமிர்ந்து உட்கார்ந்தான். 4.13, வாய் மூடியது, காது பின்னால். 4.15, கட்டிலுக்கு அடியில். 4.19, முதல் வேட்டு." வேட்டு வெடிப்பதற்கு நான்கு நிமிஷம் முன்பே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்! அடுத்த ஊர்வலத்திலும் அதே. அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். தூரத்தில் தப்பட்டை. எனக்கு அது கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்டிருக்கிறது. தப்பட்டை வந்தால் பின்னால் வேட்டு வரும் என்று அவன் தெரிந்து வைத்திருக்கிறான். நான் வேட்டுச் சத்தத்தோடு மட்டும் மூன்று மாதம் போராடிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பயம் தொடங்கும் இடம் அதற்கும் முன்னால் இருந்தது.

தப்பட்டைச் சத்தத்தை முதல் படியாக வைத்து மறுபடி ஆரம்பித்தோம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடமும் போனேன். எவ்வளவு நேரம் நடுங்குகிறான், எத்தனை மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறான், மாதத்துக்கு எத்தனை முறை என்று அவர் கேட்ட எதற்கும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நோட்டை நிதானமாகப் படித்துவிட்டுத்தான், தீபாவளி நாளுக்கு மட்டும் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அனுமதி நேரம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வெடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் மூன்று வருஷக் குறிப்பைப் பார்த்தால் எங்கள் தெருவில் எந்த நேரம் ஓய்வு என்பது தெரிகிறது. விடிகாலை நாலரைக்கு ஒரு நடை, பிற்பகல் மூன்றுக்கு ஒரு நடை. 2024 தீபாவளி இரவு செவலை கட்டிலுக்கு அடியில் போனது நாற்பது நிமிஷம். பிறகு வீட்டு நடையில் வந்து படுத்தான். ஒன்பது மணிக்குச் சாதம் சாப்பிட்டான். பயம் போய்விடவில்லை. ஐந்து மணி நேரம் நாற்பது நிமிஷமாகியிருக்கிறது.

போன ஆவணியில் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தேன். பால்காரர் அண்ணன் ஊருக்குப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்து நோட்டைத் திறந்தால், கடைசியாக நான் எழுதிய பக்கத்துக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து. புள்ளியும் பெருக்கலும் தவிர அவள் அதுவரை செவலையைப் பற்றி ஒன்றும் எழுதியதில்லை.

"காலை 5.50. புதுப் பையன், புது வண்டி. ஹாரன் இரண்டு தடவை. செவலை எழுந்து நின்றான். காது முன்னால். கேட்டுக்கு ஆறடி தள்ளியே நின்றான். குரைக்கவில்லை. பையன் பயந்து தள்ளி நின்று பாக்கெட்டை நீட்டினான். 'செவலை, வா' என்றேன். வந்தான். பாதி முட்டை கொடுத்தேன்."

அதற்குக் கீழே, ஓரமாக, வழக்கமான ஒரு புள்ளி.